மூன்றாம் உலையின் முதல் மூச்சு

அத்தியாயம் 6

“கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

சல்லடை இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். முதல் தடவை குரல் எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் இருந்தது. பக்கத்தில் நின்ற ரேடியோதான் போனைவிட்டு ஓரடி பின்வாங்கினான். போனின் எதிர்முனையில் இருப்பவர் சுகாதாரத் துறையின் டைரக்டர். அவர் மனது வைத்தால் இருவரையும் இன்றைக்கே கொசு ஒழிப்புப் பிரிவுக்குத் தூக்கியடிக்க முடியும். ரேடியோவுக்கும் கொசுவுக்கும் ஆகவே ஆகாது.

சல்லடை என்பது அந்த டாக்டரம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. எங்காவது ஒரு நோய் கிளம்பினால் அது முதலில் யாரைப் பிடித்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது அவர் வேலை. கல்லும் உமியும் மேலே தங்கும்வரை கையை நிறுத்த மாட்டார் என்பதால் துறையில் யாரோ வைத்த பெயர் அது. ரேடியோ அவருடைய உதவியாளன். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவனோடு ஒரு டீ குடித்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

“போடலன்னா என்ன அர்த்தம்?” டைரக்டரின் குரல் ஸ்பீக்கரில் கரகரத்தது. “ஒரு மாசமா ஊரே நடுங்குது. தொண்டை அடைப்பான். ரெண்டு சாவு. முதல்ல ஆஸ்பத்திரிக்கு வந்தது யாரு? கண்ணாடித் தொழிற்சாலையில பேக்கிங் பண்ற அந்தப் பொம்பளை. அவதான் முதல் நோயாளி. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

“முதல்ல ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க வேற சார். முதல்ல நோய் வந்தவங்க வேற.”

“அதெல்லாம் புத்தகத்துல வெச்சுக்கோங்க. மத்தியானம் வேன் வருது. பேக்கிங் கொட்டகையில இருக்கற பொம்பளைங்க எல்லாரையும் ஏத்தி ஊருக்கு வெளிய கொண்டுபோய் விடுறோம். அவங்க வந்த பிறகுதான் நோய் வந்துச்சுன்னு ஊரே பேசுது. நான் தொழிற்சாலைக்கு நேர்ல வர்றேன். அறிக்கை கையில இருக்கணும்.”

போன் அணைந்தது.

“சாருக்கு ஜலதோஷம் இன்னும் விடல போலிருக்கு,” என்றான் ரேடியோ. “போன வாரமும் இப்படித்தான் பேசினாரு. நம்மைத் திட்டித் திட்டியே மூக்கு அடைச்சிருக்கும்.”

சல்லடை அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு தனி வார்டின் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரே ஒரு கட்டில். அதில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் மல்லாந்து படுத்திருந்தாள். கண்ணாடிச் சில்லு கிழித்த பழைய தழும்புகள் விரல் முழுக்க இருந்தன. தொண்டைப் புண் ஆறி நாளாகிவிட்டது. ஆனால் இந்த நோய் போகிற போக்கில் இதயத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும் என்பதால் எழுந்து உட்காரவே கூடாது என்று உத்தரவு. நர்ஸ் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“தண்ணியா கொடுத்தா மூக்கு வழியா வந்துடுது மேடம். முந்தாநாள்ல இருந்து பேச்சும் மாறிப்போச்சு,” என்றாள் நர்ஸ்.

“எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்.” சல்லடை படுக்கையில் இருந்தவளின் முகத்துக்கு அருகே தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். “முள்ளு தெளிவா தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

“இன்னும் அங்க வரல,” என்று சல்லடை தனக்குள் முனகிக்கொண்டார். எது, எங்கே என்று ரேடியோவுக்கு விளங்கவில்லை.

“டாக்டரம்மா,” என்றாள் பேக்கிங்காரி. வார்த்தைகள் மூக்கில் புகுந்து வெளியே வந்தன. “என்னைப் பத்தி வெளிய என்ன பேசிக்கறாங்க?”

நல்லவிதமாக ஏதாவது புளுகலாம் என்று ரேடியோ வாயைத் திறந்தான். சல்லடை முந்திக்கொண்டார். “நோயை நீங்கதான் கொண்டு வந்தீங்கன்னு பேசிக்கறாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கு இன்னும் தெரியலன்னு சொல்றேன்.”

“அப்ப சரி. தெரியாததைத் தெரியலன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்.” அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இருந்தது. “நான் கொண்டு வரல. செத்தாலும் அதை ஒத்துக்க மாட்டேன்.”

“காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி உலைப் பக்கம் போயிருந்தீங்களா?”

பேக்கிங்காரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “பொம்பளைங்க உலைப் பக்கம் வரக்கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கு.”

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான்: “மேடம், போனீங்களான்னு கேட்டா போகலன்னு சொல்லணும். இவங்க சட்டத்தைச் சொல்றாங்க.”

“கவனிச்சியா? பரவாயில்ல, தேறிட்ட. ஜீப்பை எடு.”

*

தொழிற்சாலை வாசலில் வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. டிரைவர் ஸ்டீரிங் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

பேக்கிங் கொட்டகை என்பது நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். பெஞ்சுகளில் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாட்டில்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஊரை விட்டுத் துரத்தப்படப் போகிறவர்கள் எதற்காக இவ்வளவு அக்கறையாகப் பாட்டில் சுற்றுகிறார்கள் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. அவனே அந்த இடத்தில் இருந்திருந்தால் பெட்டிக்கு ஒன்றாக உடைத்து வைத்திருப்பான்.

“எங்க அக்கா எப்படி இருக்கா?”

கேட்டவள் படுக்கையில் இருந்தவளின் தங்கை. அதே முகவெட்டு, அதே முறைப்பு, வயது மட்டும் குறைவு.

“நல்லா இருக்காங்க. கஞ்சி குடிச்சாங்க, எங்களையும் ரெண்டு வாங்கு வாங்கினாங்க,” என்றான் ரேடியோ.

தங்கையின் உதட்டோரம் சிரிப்பு வந்து உடனே போய்விட்டது.

சல்லடை பெஞ்சுகளின் நடுவே நடந்தார். “அக்கா எங்க உக்காருவாங்க?” தங்கை காட்டினாள். அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. “உங்கள்ல யாருக்காவது தொண்டை வலி? காய்ச்சல்?”

ஒருவருக்கும் இல்லை. அக்காவோடு ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்ட தங்கைக்கே ஒரு தும்மல்கூட வரவில்லை.

“அப்புறம் எதுக்கு உங்களை எல்லாம் அனுப்பறாங்களாம்?” என்றான் ரேடியோ.

“கழிவறைக்குக் கதவு கேட்டோம்,” என்றாள் தங்கை. “மூணு மாசமா கேட்டோம். கதவு வரல, வேன் வந்துடுச்சு.”

சல்லடை ரேடியோவைத் தனியே இழுத்தார். “இந்தத் தொழிற்சாலையில நோய் வந்தது ரெண்டு இடத்துல. இங்க ஒருத்திக்கு. அந்தச் சுவருக்குப் பின்னாடி மூணாவது உலையில பாட்டில் ஊதுறவங்களுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே வாரத்துல காய்ச்சல் ஆரம்பிச்சிருக்கு. இந்தம்மா கொடுத்திருந்தா முதல்ல யாருக்குக் கொடுத்திருக்கணும்?”

“பக்கத்துல உக்காந்தவங்களுக்கு. இவங்களை எல்லாம் விட்டுட்டு நோய் சுவரேறிக் குதிச்சுப் போயிருக்குன்னா, அதுக்கு எதுக்கு மேடம் அவ்வளவு உடற்பயிற்சி?”

“அப்ப நோய் சுவர் ஏறல. இந்தம்மாதான் அந்தப் பக்கம் போயிருக்காங்க.”

தங்கை இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகம் சட்டென்று இறுகியது. குனிந்து அடுத்த பாட்டிலை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

*

மூன்றாவது உலை அணைந்து கிடந்தது. அதன் எதிரே ஒருவர் மட்டும் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு இரும்பு ஊதுகுழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார் போலிருந்தது.

“உலைக்கு ஏழு பேர். நான் ஒருத்தன்தான் நல்லா இருக்கேன்,” என்றார் அவர். “மேஸ்திரியும் இன்னொருத்தரும் போயிட்டாங்க. மத்தவங்க ஆஸ்பத்திரியில. என் வீட்டுக்காரிகூட என்னைச் சந்தேகமா பாக்குறா.”

“நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?” சல்லடை சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“அன்னைக்கு நான் லீவு. வீட்டுக்காரிக்குப் பிரசவம்.”

“என்னைக்கு?”

லீவுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரேடியோ பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அண்ணே, நான் சும்மா கேக்கறேன். இந்தக் குழல்ல எல்லாரும் வாய் வெச்சு ஊதுவீங்களா?”

“சேச்சே! ஆளுக்கு ஒரு குழல் தனியா இருக்கு. ஒருத்தர் குழலை இன்னொருத்தர் தொட மாட்டோம். செக்கிங் வர்றவங்க எல்லாம் பார்த்துட்டுப் பாராட்டிட்டுத்தான் போவாங்க.” குரல் தணிந்தது. “ஒரு நாள் தவிர.”

பிறகு அவரே கொட்டிவிட்டார். புது உலை பற்ற வைக்கிற அன்று விற்பனைக்கு எதுவும் செய்ய மாட்டார்கள். முதலில் ஒரு குப்பி ஊதுவார்கள். கூட்டுக் குப்பி என்று அதற்குப் பெயர். ஒரே குழல், ஆளுக்கு ஒரு மூச்சு, ஆளுக்கு ஒரு வயிறு, அதாவது குப்பியில் ஒரு புடைப்பு. ஒருவர் ஊதி உருண்டையாக்கி இடுக்கியால் கழுத்தைச் சுருக்கியதும் அடுத்தவர் அதே குழலில் வாய் வைப்பார். குழலைத் துடைக்கக் கூடாது, கை மாறத் தாமதிக்கக் கூடாது. உலைக்கு இத்தனை பேர் என்றால் அத்தனை மூச்சும் விழுந்தாக வேண்டும். ஒரு மூச்சு குறைந்தால் உலை வெடித்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள்.

“உலை வெடிக்கல. ஊதினவங்க தொண்டை வெடிச்சிடுச்சு,” என்றான் ரேடியோ. சொன்ன பிறகுதான் தன் வாய்க்கு அளவே இல்லை என்று உறைத்தது. லீவுக்காரர் அழுதார்.

சல்லடை அவர் தோளில் கை வைத்தார். “அந்தக் குப்பி எங்க?”

“முதலாளி ரூம்ல. கண்ணாடி அலமாரியில.”

*

முதலாளியின் அறையில் மின்விசிறி பெரியது, நாற்காலி பெரியது, முதலாளி மட்டும் ஒல்லி. சட்டைப்பையில் மூச்சிளைப்புக்கான மருந்துப் புட்டி துருத்திக்கொண்டிருந்தது. சல்லடைக்குப் பின்னால் ரேடியோவும் லீவுக்காரரும் மட்டுமல்ல, பேக்கிங்காரியின் தங்கையும் உள்ளே நுழைந்ததைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

“இவளை யாரு உள்ள விட்டது?”

“கதவு இருந்துச்சு, திறந்து வந்தேன்,” என்றாள் தங்கை. “எங்களுக்குத்தான் கதவு இல்ல.”

அலமாரியில் மூன்று உலைகளுக்கும் மூன்று குப்பிகள் நின்றன. குட்டிக் குடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி இருந்தன. சல்லடை மூன்றாவதைக் கையுறை போட்ட கையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுல முதல் மூச்சு எது? மேல இருக்கறதா, அடியில இருக்கறதா?”

“அடியில,” என்றார் லீவுக்காரர். “குழலுக்கு ரொம்ப தூரத்துல இருக்கறதுதான் முதல்ல ஊதினது. குழல் பக்கம் இருக்கறது கடைசி.”

“எத்தனை வயிறு ரேடியோ?”

“எட்டு.”

“அன்னைக்கு வேலைக்கு வந்த ஊதுறவங்க?”

“ஏழுல ஒருத்தர் லீவு போட்டுக் குழந்தையைப் பார்க்கப் போயிட்டாரு. ஆறு.”

“அப்ப ரெண்டு மூச்சு வெளியாள் மூச்சு. எந்த ரெண்டுன்னு குப்பியே சொல்லுது பார்.” சல்லடை குப்பியைத் திருப்பினார். நடுவில் இருந்த ஆறு வயிறுகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. அடியில் இருந்தது மட்டும் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் சூம்பி, கோணிக்கொண்டு இருந்தது. உச்சியில் இருந்ததோ மற்ற எல்லாவற்றையும்விட மெல்லியது, வட்டம் பிசகாதது.

லீவுக்காரர் வாயைப் பிளந்தார். “என் மூச்சை யாரு ஊதினாங்கன்னு ஒருத்தனும் சொல்லல டாக்டர். நான் மேஸ்திரின்னு நெனச்சிட்டிருந்தேன். இது மேஸ்திரியாலகூட முடியாது.”

“எங்க அக்கா ஊதினது,” என்றாள் தங்கை.

அவள் நிறுத்தவில்லை. “எங்க அப்பாவோட சின்னப் பட்டறையில அக்கா பத்து வயசுல இருந்து ஊதினவ. இங்க பொம்பளைக்கு அந்த வேலை தர மாட்டாங்கன்னுதான் வைக்கோல் சுத்துறா. அன்னைக்கு ஒரு மூச்சு குறைஞ்சதும் மேஸ்திரிக்கு உதறல் எடுத்துடுச்சு. முதலாளியும் விருந்தாளிங்களும் சாப்பிடப் போன நேரத்துல அக்காவைப் பின்பக்கமா கூட்டிட்டு வந்து ஊத வெச்சாரு. வெளிய சொன்னா என் வேலை போயிடும்மான்னு கெஞ்சினாரு. அக்கா வாக்குக் கொடுத்துட்டா. மேஸ்திரி செத்த பிறகும் அவ அதை மீறல. அவளுக்கு இவங்கதான் நோயைக் கொடுத்தாங்க. அவ யாருக்கும் கொடுக்கல.”

“பொம்பளையா? என் உலையிலயா?” முதலாளி எழுந்துவிட்டார்.

“உங்க உலையில உருப்படியா வந்த ஒரே வயிறு அதுதான்,” என்றாள் தங்கை.

ரேடியோவுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொண்டான்.

“கடைசி மூச்சு தெரிஞ்சிடுச்சு,” என்றார் சல்லடை. “முதல் மூச்சு பாக்கி. மத்த ரெண்டு குப்பியிலயும் அடி வயிறு கோணல்தான். அதாவது, முதல் மூச்சு எப்பவுமே தொழில் தெரியாத ஒருத்தரோடது. இந்தக் குழல்ல முதல்ல வாய் வெச்சது யாரோ, நோய் அவங்ககிட்ட இருந்துதான் இறங்கியிருக்கு. யார் சார் அது? நீங்களா?”

முதலாளி அவசரமாகச் சட்டைப்பை மருந்தை எடுத்துக் காட்டினார். “நானா? பலூன்கூட ஊத முடியாது என்னால. அது கணக்குல சேராத மூச்சு, மரியாதைக்காக வெளியில இருந்து வர்ற பெரிய மனுஷங்களுக்குக் கொடுக்கறது. அன்னைக்கு... யாரோ வந்திருந்தாங்க. ஞாபகம் இல்ல.”

“மறந்து போன விஷயத்துக்கு நெத்தி இப்படி வேர்க்காது சார்,” என்றான் ரேடியோ.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் டைரக்டர் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் பேக்கிங் பெண்களை வேனில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வைக்கோல் ஒட்டிய புடவைகளோடு ஒவ்வொருவராக ஏறினார்கள். தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

“ரேடியோ, அந்த அறிக்கைத் தாள் ஒண்ணு கொடு.” சல்லடை மேஜையில் குனிந்து கிடுகிடுவென்று எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தவனை முழங்கையால் தள்ளினார். “போய் சாருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வா.”

டைரக்டர் உள்ளே வந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை, முகத்தில் ஊரையே தாங்குகிறவரின் களைப்பு. முதலாளி தன் பெரிய நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

“அறிக்கை?”

“தயார் சார்,” என்றார் சல்லடை. “முதல் நோயாளி யாருன்னு எழுதிட்டேன். நீங்க படிச்சுப் பார்த்து, சரியா இருந்தா, உண்மைன்னு கையெழுத்துப் போட்டுடுங்க.”

தண்ணீரோடு திரும்பி வந்த ரேடியோ வாசலிலேயே நின்றுவிட்டான். காலையிலிருந்து முடியாது முடியாது என்று நின்றவரா இவர்? தங்கை ஜன்னலிலிருந்து திரும்பினாள். “நீங்களுமா டாக்டரம்மா?”

சல்லடை திரும்பாமல் தாளை டைரக்டரிடம் நீட்டினார்.

டைரக்டர் தாளை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு கை நீளும் மட்டும் நீட்டினார். கண்கள் வரி வரியாக நகர்ந்தன. தலை ஆடியது.

“ம். நல்லாவே எழுதியிருக்கீங்க. இதைத்தானே காலையில இருந்து நானும் சொல்றேன்? தெளிவா இருக்கு.” பேனாவை எடுத்து, அச்சடித்த கோட்டுக்கு இரண்டு விரல் கீழே கையெழுத்துப் போட்டார்.

சல்லடை தாளை வாங்கி ரேடியோவிடம் நீட்டினார். “படி. சத்தமா.”

ரேடியோ படித்தான். முதல் வரியிலேயே அவன் குரல் ஏறிவிட்டது. “‘இந்த நோய்ப் பரவலில் முதலாவதாக அறியப்பட்ட நோயாளி, சுகாதாரத் துறையின் டைரக்டர். மூன்றாம் உலை பற்ற வைத்த அன்று கூட்டுக் குப்பியின் முதல் மூச்சை ஊதியவர் இவரே. மேற்கண்டதைப் படித்துப் பார்த்தேன். உண்மை என்று உறுதி செய்கிறேன்.’ கீழ கையெழுத்து இருக்கு மேடம். மை இன்னும் காயல.”

முதலாளி மெதுவாகச் சுவரோரம் ஒதுங்கினார். டைரக்டர் ஊதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர் இல்லையா!

“மோசடி!” டைரக்டர் மேஜையை அறைந்தார். ஆத்திரத்தில் சொல் முழுவதும் மூக்கால் வந்தது. தொண்டை வறண்டிருக்க வேண்டும், ரேடியோ கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். குடித்த தண்ணீர் உள்ளே போகவில்லை. மூக்கின் இரண்டு துவாரங்களிலும் வழிந்து நல்ல சட்டையில் இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோகூட.

சல்லடை தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தார். “உலை பத்த வெச்ச அன்னைக்கு உங்களுக்குத் தொண்டை வலி இருந்துச்சு, இல்லையா சார்? இந்த நோய் தொண்டையை விட்டுப் போனாலும் கணக்கை முடிக்காது. கொஞ்ச வாரம் கழிச்சு சிலருக்கு உள்நாக்கு தளரும். பேச்சும் தண்ணியும் மூக்கு வழியா வரும். அதுக்கும் பிறகுதான் கண்ணு. தூரத்துல இருக்கறது தெரியும், கையில இருக்கற எழுத்து கலங்கிடும். பேக்கிங்காரம்மாவுக்குப் பேச்சு மாறினது முந்தாநாள். கண்ணு இன்னும் நல்லா இருக்கு. உங்களுக்குப் பேச்சு போன வாரமே மாறிடுச்சு. இப்பக் கண்ணும் போயிடுச்சு. அவங்களுக்கு முன்னாடி நோய் உங்ககிட்ட வந்திருக்கு. நாளைக்கு இன்னும் பத்து டாக்டரை வெச்சுப் பாருங்க, இதையேதான் சொல்வாங்க.”

“அப்ப ஜலதோஷம் இல்லையா?” என்றான் ரேடியோ.

“ஜலதோஷமா இருந்தா எழுத்து தெரிஞ்சிருக்கும்.”

டைரக்டர் நாற்காலியில் சரிந்தார். உயரம் பாதியாகக் குறைந்துவிட்டது. “அதுக்கு முந்தின வாரம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன்,” என்றார். “அங்க குழந்தைங்க இருமிட்டிருந்தாங்க. வந்ததும் தொண்டை கட்டிக்கிச்சு. நானே மாத்திரை போட்டுக்கிட்டேன். எனக்கெல்லாம் இது வரும்னு... நான் நெனைக்கவே இல்ல.”

“நோய் வந்தது உங்க குத்தம் இல்ல சார். யாருக்கும் அது குத்தம் இல்ல. அதனாலதான் கேக்கறேன், அந்தம்மாவுக்கு மட்டும் எப்படிக் குத்தமாச்சு?”

மாட்டிக்கொண்ட மேலதிகாரிகள் சொல்வதை அவரும் சொன்னார். “உங்களை சஸ்பெண்ட் பண்றேன்.”

“பண்ணுங்க. ஆர்டரை எழுதி எடுத்துட்டு வாங்க. ரேடியோ படிச்சுச் சொல்வான்.”

ரேடியோவுக்கு அந்த நிமிடத்தில் கொசு ஒழிப்புப் பிரிவு ஒன்றும் அவ்வளவு மோசமான இடமாகத் தெரியவில்லை.

“இப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க,” என்றார் சல்லடை. “தொண்டையில பஞ்சால ஒத்தி எடுத்துச் சோதிக்கணும், இதயத்தைப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு வேலை இருக்கு.”

*

வேன் நிறைந்திருந்தது. தங்கை ஓடிப்போய்ப் படியில் ஏறி உள்ளே இருந்தவர்களிடம் படபடவென்று ஏதோ சொன்னாள். டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினான்: “எல்லாம் கேன்சலாம்! இறங்குங்க, இறங்குங்க!”

ஒருத்தியும் அசையவில்லை.

“ஏறச் சொன்னப்ப எங்களை யாரும் கெஞ்சல,” என்றாள் தங்கை. படியை மறித்துக்கொண்டு நின்றாள். “ஏத்தினவரே வந்து இறக்கட்டும். எதுக்கு ஏத்தினாருன்னும் சொல்லட்டும்.”

டைரக்டர் வந்தார். ரேடியோ அவருக்கு ஒரு முகக்கவசம் கொடுத்தான், போட்டுக்கொண்டார். வேன் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள் காத்திருந்தன. உலைகளிலிருந்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடினார்கள்.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல,” என்றாள் தங்கை.

“நோய்... உங்ககிட்ட இருந்து வரல.”

“எங்ககிட்ட இருந்து வரலன்னு எங்களுக்குத் தெரியும். யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்.”

டைரக்டர் சல்லடையைப் பார்த்தார். சல்லடை உதவிக்கு வரவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்கிட்ட இருந்து,” என்றார் டைரக்டர். மூக்கு வழியாகத்தான் வந்தது. ஆனால் மூன்று உலைக்காரர்களுக்கும் கேட்டது. லீவுக்காரர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேனிலிருந்து மூத்தவள் ஒருத்தி முதலில் இறங்கினாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கிக் கொட்டகைப் பக்கம் நடந்தார்கள். போகிற வழியில் ஒருத்தி முதலாளியைப் பார்த்து, “கதவு எப்ப வரும்?” என்று கேட்டாள். முதலாளி, “நாளைக்கே,” என்று சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார்.

தங்கை மட்டும் இறங்கவில்லை. முன் இருக்கையில் போய் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்த வைக்கோலைக் கையால் தட்டிவிட்டாள்.

“நீ இறங்கலையாம்மா?” என்றான் ரேடியோ.

“அக்கா இன்னும் கேக்கலையே. ஒரு மாசமா படுத்துக்கிட்டு பழி சுமக்கறது அவதான். இவரும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்?” அவள் டைரக்டரைப் பார்த்தாள். “ஏறுங்க சார். இப்பச் சொன்னதை அவ கட்டில் பக்கத்துல நின்னு சொல்லணும்.”

கார் அந்தப் பக்கம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. டைரக்டர் அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார்.